29 வயதில் பிரஷர் 172/112: டென்ஷனா, கிட்னியா?

பின்னலாடைக் கணக்கர்
வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 29, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நான்கு மாதத்துக்கு முன் நண்பர்களோடு ரத்ததான முகாமுக்குப் போனேன், ஊசி குத்தும் முன்பே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரஷர் 172/112. மூன்று தடவை பார்த்தார்கள், மூன்று தடவையும் அங்கேயேதான் நின்றது. தலைவலி, கிறுகிறுப்பு எதுவுமே கிடையாது, அன்று மதியம் பிரியாணி வேறு சாப்பிட்டேன்.

பக்கத்து கிளினிக்கில் காட்டியபோது "மாதக் கடைசி, ஜிஎஸ்டி, டென்ஷன்தான் தம்பி" என்று ஆம்லோடிபின் 5 கொடுத்தார், அப்புறம் 10 ஆக்கினார். இப்போது 150/100 இருக்கிறது, கணுக்கால் வீங்குகிறது. அப்பா அம்மா இரண்டு பேருக்கும் பிரஷர் கிடையாது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன்: சிறுநீரில் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை, தண்ணீர் ஊற்றினாலும் சட்டென்று போகாது. ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கிறேன். இதற்கும் பிரஷருக்கும் சம்பந்தம் இருக்குமா, நான்தான் கூகுள் பார்த்துப் பயந்துகொள்கிறேனா?

மருந்துக்கடை அண்ணாச்சி
தம்பி, கணுக்கால் வீக்கம் அந்த மாத்திரையாலேயே வரலாம், 10 மி.கி. போடுகிறவர்களில் நிறையப் பேர் வந்து சொல்வார்கள். கிட்னி வீக்கம் என்றால் பெரும்பாலும் காலையில் எழும்போது முகத்திலும் கண்ணைச் சுற்றியும் தெரியும். ஆனால் இதை வைத்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நுரை எல்லாமே புரதம் இல்லை, அவசரமாகப் போனாலும் நுரைக்கும். தினமும் வந்து, நின்று, போகமாட்டேன் என்றால் பார்த்தே ஆகவேண்டும். ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, டீ வடை காசுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். வலி மாத்திரை போடும் பழக்கம் உண்டா? டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நிமெசுலைட் மாதிரி?

பின்னலாடைக் கணக்கர்
முதுகுவலிக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் போடுவேன் அண்ணாச்சி. உட்கார்ந்தே வேலை.

மருந்துக்கடை அண்ணாச்சி
இன்றோடு நிறுத்துங்கள். பிரஷரையும் ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும். எங்களிடம் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் பிரஷர்காரர்கள்தான். கொடுக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

சேலத்து மாம்பழம்
ஒரே கேள்வி. இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார்களா? ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன், கதை பெரிது.

டயாலிசிஸ் டெக்னீஷியன்
பதினொரு வருடமாக இந்த வேலை. எங்கள் யூனிட்டில் 35 வயதுக்குக் கீழே இருக்கிறவர்களிடம் "முதலில் என்ன தெரிந்தது" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: பிரஷர். வேலையில் சேரும்போது மெடிக்கலில் தெரிந்தது, பிரசவத்தில் தெரிந்தது, கண்ணாடி மாற்றப் போனபோது கண் டாக்டர் சொன்னார். பிரஷருக்கு மாத்திரை எழுதியிருப்பார்கள், சிறுநீரை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தம்பியைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. முப்பது வயதுக்குள் இவ்வளவு பிரஷர், வீட்டில் யாருக்கும் இல்லை என்றால் முதலில் கிட்னியைத்தான் சந்தேகப்பட வேண்டும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், ரத்த அணுக்கள், ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, கிட்னி கெட்டால் ஏறும்), பொட்டாசியம், வயிற்றுக்கு ஒரு ஸ்கேன். இது போதும் தொடங்க.

பின்னலாடைக் கணக்கர்
பார்த்துவிட்டேன். கிரியேட்டினின் 1.7. சிறுநீரில் ஆல்புமின் 3+, சிவப்பணு 15 முதல் 20. பொட்டாசியம் 4.6. ஸ்கேனில் இரண்டு கிட்னியும் அளவு சரி, ஆனால் "எக்கோ கூடியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறது, ஸ்கேனில் வழக்கத்தைவிட வெளுத்துத் தெரிகிறதாம். லேப்காரர் சீட்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே புரிந்துவிட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கிளினிக் டாக்டர் "பிரஷரை இத்தனை நாள் கவனிக்காமல் விட்டதால் கிட்னி அடிவாங்கியிருக்கிறது" என்கிறார். என் தப்புதானா?

கோவை குசும்பன்
டாக்டர் சொல்வது சரிதானே. பிரஷர் ஏறினால் கிட்னி போகும், எல்லா போஸ்டரிலும் போட்டிருக்கிறதே.

இரவு டூட்டி
சிறுநீரகப் பிரிவில் மேற்படிப்புப் படிக்கிறேன். இணையத்தில் நோய் கண்டுபிடிக்க மாட்டேன், பொதுவாக மட்டும் சொல்கிறேன். போஸ்டரில் போட்டிருப்பதும் உண்மை, தலைகீழாக நடப்பதும் உண்மை. சாதாரண பிரஷர் கிட்னியைக் கெடுக்கப் பொதுவாகப் பல வருடம் எடுக்கும், அப்போதும் புரதம் கொஞ்சமாகத்தான் கசியும், ரத்த அணு அவ்வளவாக வராது. 29 வயது, 3+ ஆல்புமின், கூடவே சிவப்பணு என்றால் கிட்னிக்குள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டியிலேயே கோளாறு தொடங்கி, பிரஷர் அதன் பின்னால் வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சீக்கிரம் நெஃப்ராலஜிஸ்ட்டை (கிட்னி மருத்துவர்) பாருங்கள். உங்கள் தப்பு இல்லை, அந்த நினைப்பை விடுங்கள்.

இன்னொன்று. கிரியேட்டினினை நம்பராக மட்டும் பார்க்காதீர்கள். 1.7 என்பது உங்கள் வயது ஆணுக்கு வடிகட்டும் திறன் சுமார் 55, நல்ல கிட்னிக்கு நூறு பக்கம் இருக்கும். அறுபது வயது அம்மா ஒருவருக்கு 1.2 வந்தால் லேப் சீட்டில் "நார்மலுக்குப் பக்கத்தில்தான்" என்று தோன்றும், கணக்குப் போட்டால் அவருக்கும் ஐம்பது சொச்சம்தான்.

விலங்கியல் வாத்தியார் (ஓய்வு)
கோழியா முட்டையா என்ற சண்டை இதில் ரொம்பப் பழசு. லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் 1836லேயே, கிட்னி கெட்டு இறந்தவர்கள் பலருக்கு இதயமும் பெருத்திருப்பதைக் குறித்து வைத்தார். கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்க்கும் கருவி வர இன்னும் அறுபது வருடம் இருந்தது. 1898ல் ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயல் கிட்னியின் சாற்றை எடுத்து வேறு முயலுக்கு ஏற்றினார்கள், பிரஷர் எகிறியது. அதில் இருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள், வெகுகாலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1934ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயில் வெள்ளிக் கிளிப் மாட்டிச் சற்றே நெருக்கினார். நாய்க்குப் பிரஷர் ஏறி, ஏறினபடியே நின்றது. கிட்னியே பிரஷரை உண்டாக்கும் என்பது அப்போதுதான் ஐயமில்லாமல் நிலைத்தது.

எனக்கு ஒரத்தநாடு பக்கம், அதனால் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். வாய்க்காலில் எங்கோ அடைப்பு. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. அந்த விவசாயிக்கு அடைப்பு தெரியாது, ஆற்றிலேயே தண்ணீர் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து "மதகை முழுசாகத் திற" என்று சத்தம் போடுகிறார். திறந்துவிடுகிறார்கள். கடைமடைக்கு அப்போதும் சொட்டுத்தான், நடுவில் இருக்கிற ஊரெல்லாம் கரை உடைகிறது. ரத்தக்குழாய் சுருங்கினால் கிட்னி செய்வது இதுதான், ரெனின்தான் அந்தச் சத்தம். கணக்கர் தம்பி மாதிரி வடிகட்டி கெட்டவர்களுக்கு இதோடு இன்னொன்றும் சேரும்: உப்பும் தண்ணீரும் வெளியே போகாமல் உள்ளேயே தங்கும். வடிகால் தூர்ந்த வயல்.

இடையில் ஒரு சுவாரசியம்: ரெனின் தொடங்கிவைத்துப் பிரஷரை ஏற்றும் வேதிச் சங்கிலியை அறுக்கிற மாத்திரைகளில் முதலாவதான கேப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் கிடைத்தது. 1981ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

சேலத்து மாம்பழம்
சரி, என் கதை. அக்காவுக்கு 24 வயது. இரண்டு வருடமாகக் களைப்பு, அடிக்கடி லேசாகக் காய்ச்சல், எடை குறைந்தது, இடது கையால் துணி பிழிந்தால் வலி. போகிற இடத்திலெல்லாம் இடது கையில்தான் பட்டையைச் சுற்றுவார்கள், 100/70 என்பார்கள், "லோ பிரஷர், மாதுளை சாப்பிடும்மா" என்பார்கள். கடைசியில் ஒரு நர்ஸ் அக்கா நாடி பார்க்க இடது மணிக்கட்டைப் பிடித்துவிட்டு நாடியே கிடைக்கவில்லை என்று வலது கைக்கு மாறினார். வலது கையில் 190/110!

டாகயாசு என்று ஒரு நோய், பெரிய ரத்தக்குழாய்களின் சுவர் வீங்கிச் சுருங்குவது. 1908ல் ஜப்பானியக் கண் மருத்துவர் ஒருவர் முதலில் விவரித்தது, அவர் பெயரே நோயின் பெயர். நம் நாட்டில் இளம்பெண்களுக்குக் கிட்னி ரத்தக்குழாய் சுருங்கிப் பிரஷர் வருவதற்கு இது முக்கியமான காரணம் என்றார் டாக்டர். அக்காவுக்கு இடது கைக்குப் போகும் குழாயும் சுருங்கியிருந்தது, அதனால்தான் அந்தக் கையில் பொய் நம்பர். வலது கிட்னிக்குப் போகும் குழாயும் சுருங்கியிருந்தது. முதலில் ஸ்டீராய்டு கொடுத்து வீக்கத்தை அடக்கி, பிறகு பலூன் வைத்து விரித்தார்கள். நான்கு மாத்திரை ஒன்றாகக் குறைந்திருக்கிறது. அதனால்தான் எல்லாரிடமும் கேட்கிறேன், இரண்டு கையிலும் பார்த்தீர்களா?

கும்பகோணம் டிகிரி
அப்பா 68, சர்க்கரை, முப்பது வருடம் பீடி. டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை ஆரம்பித்த பத்தே நாளில் கிரியேட்டினின் 1.4லிருந்து 2.6. நாங்கள் மாத்திரை விஷம் என்று சண்டைக்குப் போனோம். ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் இரண்டு கிட்னிக்கும் போகும் குழாயில் கொழுப்பு அடைப்பு. ஸ்டென்ட் வைக்கலாம் என்று ஒருவர், வேண்டாம் என்று ஒருவர். ஏன் இந்த இரண்டு பேச்சு?

இரவு டூட்டி
இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கொழுப்பு அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தால் நன்மையா என்று 900க்கு மேற்பட்டவர்களை வைத்து கோரல் என்ற ஆய்வு நடந்தது, 2014ல் முடிவு வந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஸ்டென்ட்டும் சேர்த்து வைத்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், கிட்னி கெடுவது எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் குழாயில் அடைப்பைப் பார்த்தவுடன் விரிப்பது என்ற வழக்கம் குறைந்தது. ஆனால் திடீர் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சுத் திணறி வருகிறவர்கள், எத்தனை மாத்திரைக்கும் அடங்காதவர்கள், இவர்கள் கணக்கு வேறு. இளம்பெண்களுக்கு நார்த்திசு வளர்ந்து பாசிமணி கோத்த மாதிரி குழாய் சுருங்கும் வகையும் வேறு, அதற்குப் பலூன் நன்றாகவே உதவும். அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்ததா?

கும்பகோணம் டிகிரி
ஒரே மாதத்தில் இரண்டு ராத்திரி. உட்கார்ந்தபடியே ஆட்டோவில் கொண்டுபோனோம்.

இரவு டூட்டி
அப்படியானால் வைக்கலாம் என்றவர் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். சீக்கிரம் போய்ப் பேசுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில் எல்லாம் கிட்னிக்கு எதிரி இல்லை, புரதம் கசிகிறவர்களுக்கு அவைதான் முதல் துணை. தொடங்கினதும் கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பெரும்பாலும் விட்டுப் பார்ப்போம். அதற்கு மேல் தாவினால் இவர் அப்பா மாதிரி இரண்டு பக்கமும் அடைப்பா என்று தேடுவோம். தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் மறுபடி பார்க்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

மூலிகைச் சித்தன்
எல்லாரும் சேர்ந்து ஒரு பையனை ஆயுசுக்கும் நோயாளி ஆக்கப் போகிறீர்கள். நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை கஷாயம் 48 நாள். கூடவே எங்கள் வைத்தியர் தரும் பற்பம். கிரியேட்டினின் தானாக இறங்கும். பலபேருக்கு இறங்கியிருக்கிறது.

டயாலிசிஸ் டெக்னீஷியன்
பலபேர் யார் ஐயா? அந்த 48 நாள் முடிந்து எங்கள் கட்டிலுக்கு வந்தவர்களை நான் பெயர் சொல்லிக் காட்டுவேன், நீங்கள் யாரைக் காட்டுவீர்கள்?

மூலிகைச் சித்தன்
உங்கள் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம்.

மட்டுறுத்துநர்
இரண்டு பேரும் நிறுத்துங்கள். இதற்கு மேல் போனால் இழையைப் பூட்டுவேன்.

மருந்துக்கடை அண்ணாச்சி
சண்டை வேண்டாம், ஒன்று மட்டும். என் தாத்தா நாட்டு வைத்தியர், நான் அந்தப் பக்கத்தைக் கேவலமாகப் பேசுகிறவன் இல்லை. ஆனால் 2022ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புரதம் கொட்டும் ஒருவகைக் கிட்னி நோயில் வந்தவர்களிடம் விசாரித்தால் நிறையப் பேர் நாட்டு மருந்து சாப்பிட்டவர்கள், அந்த மருந்துகள் சிலவற்றில் பாதரசம் இருந்தது, நிறுத்தியதும் பெரும்பாலோருக்குக் குறைந்தது. கஷாயத்தைக்கூட விடுங்கள், என்ன உலோகம் என்று சொல்லாத பற்பத்தை, ஏற்கெனவே 3+ ஒழுகுகிற கிட்னிக்குக் கொடுக்கலாமா?

வவுனியா வாசி
வணக்கம். இலங்கையில் நாங்கள் இருக்கிற பக்கம் கிட்னி வருத்தம் (நோய்) என்றால் எல்லாருக்கும் தெரியும், பக்கத்து அனுராதபுரம் மாவட்டத்தில் மதவாச்சி, பதவிய பக்கம் வயல் செய்கிற ஆட்களுக்கு நிறைய. காரணம் இதுதான் என்று ஒருவரும் அறுதியாகச் சொல்லவில்லை. தண்ணீர் என்கிறார்கள், வெயில் என்கிறார்கள், வயல் மருந்து என்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அந்த வருத்தத்தில் பிரஷர் கடைசியில்தான் ஏறும், சிறுநீரில் புரதமும் பெரிதாகப் போகாது. என் மாமா பிரஷர் சரி, சீனி சரி என்று கிளினிக்கால் திரும்பி வந்துகொண்டேயிருந்தவர், கிரியேட்டினின் பார்க்கும்போது 4. ஆகவே பிரஷர் இருந்தால் கிட்னியைப் பாருங்கள் என்பது சரி, பிரஷர் இல்லை என்பதால் கிட்னி சுகம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

ராஜபாளையம் நாய்
எங்கள் வீட்டில் கிட்னியில் நீர்க்கட்டிகள் வருவது பரம்பரை. தாத்தா, அம்மா, இப்போது நான். எங்களுக்கெல்லாம் கிரியேட்டினின் நார்மலாக இருக்கும்போதே பிரஷர் வந்துவிடும். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. என் தம்பிக்குக் கல்யாணப் பேச்சு ஓடுகிறது, ஸ்கேன் எடுக்க மாட்டேன் என்கிறான். "எடுத்தால்தானே இருக்கிறது" என்று அவனுடைய தத்துவம்.

பின்னலாடைக் கணக்கர்
ஒரு மாதம் கழித்து வருகிறேன். நெஃப்ராலஜி டாக்டரைப் பார்த்தாயிற்று. 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 2.4 கிராம். பயாப்ஸி வேண்டும் என்றார், அம்மா "கிட்னியை அறுக்கப் போகிறார்களா" என்று அழுதுவிட்டார். அறுப்பதெல்லாம் இல்லை. முதலில் ஒரு வாரம் பிரஷரைக் கீழே கொண்டுவந்தார்கள், ஏறியிருந்தால் ரத்தம் கசியுமாம். குப்புறப் படுக்க வைத்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே முதுகில் மரத்துப்போக ஊசி, அப்புறம் ஸ்டேப்ளர் அடிக்கும் சத்தம் மாதிரி இரண்டு தடவை டக் டக். சேமியா மாதிரி இரண்டு துண்டு, அவ்வளவுதான். அன்று முழுக்க அசையாமல் மல்லாந்து படுத்திருந்ததுதான் கொடுமை.

முடிவு: ஐஜிஏ நெஃப்ரோபதி. நம் உடம்பின் எதிர்ப்புப் புரதமே வடிகட்டியில் போய்ப் படிவதாம். சின்ன வயதில் தொண்டைவலி வந்த மறுநாளே சிறுநீர் தேநீர் நிறத்தில் போயிருக்கிறதா என்று கேட்டார். போயிருக்கிறது. பத்தாவது படிக்கும்போது. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள்.

டெல்மிசார்டன் 40 கொடுத்து 80 ஆக்கினார், ஆம்லோடிபின் 5க்குக் குறைந்தது, கால் வீக்கம் போய்விட்டது. கூடவே டாபாக்ளிஃப்ளோசின். சர்க்கரை மாத்திரை எனக்கு எதற்கு என்று கேட்டேன், சர்க்கரை இல்லாதவர்களுக்கும் கிட்னியைக் காப்பாற்றுகிறது என்றார். ஸ்டீராய்டு இப்போது வேண்டாம், சில மாதம் பார்ப்போம் என்கிறார். அம்மா இப்போது இந்துப்பு வாங்கி வைத்திருக்கிறார். அது பரவாயில்லையா?

டயாலிசிஸ் டெக்னீஷியன்
இந்துப்பும் உப்புதான், கலர்தான் வேறே. சோடியம் குறைத்த உப்பு என்று ஒன்று விற்கிறார்களே, அது இதைவிட ஆபத்து. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் போட்டிருப்பார்கள், நீங்கள் போடும் டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும், இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்கு நல்லதல்ல. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன். அதில் அம்மா குழம்பில் போடுவதைவிட ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, ராத்திரிக் கடைப் புரோட்டா சால்னா, சிப்ஸ் இவைதான் ஏறும். இரண்டு வாரம் நாக்கு முரண்டு பிடிக்கும், அப்புறம் கல்யாண வீட்டுச் சாப்பாடே கரிக்கும் பாருங்கள். இளநீரைப் பொட்டாசியம் பார்த்து டாக்டர் சொன்னபடி.

தாமிரபரணி
நானும் இதே மாத்திரை, எனக்கும் ஐஜிஏ. குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். தொடரலாமா?

இரவு டூட்டி
அக்கா, டெல்மிசார்டன் வகை கர்ப்பத்தில் கூடவே கூடாது, குழந்தையின் கிட்னியைப் பாதிக்கும். டாபாக்ளிஃப்ளோசினும் அப்படித்தான், வேண்டாம். முயற்சி செய்கிறோம் என்று நெஃப்ராலஜிஸ்ட்டிடம் உடனே சொல்லுங்கள், லேபெடலால், நிஃபெடிபின் மாதிரி பாதுகாப்பானதாக மாற்றித் தருவார். தானாக நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள், ஏறின பிரஷரும் கர்ப்பத்துக்குக் கெடுதல்.

மருந்துக்கடை அண்ணாச்சி
கணக்கரே, வீட்டில் மெஷின் வாங்கினீர்களா? மேல்கையில் கட்டும் வகை வாங்குங்கள், மணிக்கட்டு வகை வேண்டாம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்த்து, காலைத் தொங்கவிடாமல் தரையில் ஊன்றி, பேசாமல். டீ குடித்தவுடன் பார்க்காதீர்கள். காலையில் மாத்திரைக்கு முன்னால், ராத்திரி படுக்கும் முன்னால். நம்பர் பிடிக்கவில்லை என்று பத்துத் தடவை அமுக்கினால் பத்தாவது தடவை மெஷினே பயந்துவிடும்.

பின்னலாடைக் கணக்கர்
மூன்று மாதம் ஆயிற்று, எழுதச் சொல்லி இரண்டு பேர் தனிமடல் போட்டிருந்தார்கள். பிரஷர் 126/78 சராசரி. டாக்டர் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்கிறார். கிரியேட்டினின் 1.9, முதலில் பயந்துவிட்டேன், பிறகு இரவு டூட்டி எழுதிய 30 சதவீதம் ஞாபகம் வந்து கணக்குப் போட்டால் 12தான். ஒரு மாதமாக அங்கேயே நிற்கிறது. புரதம் 2.4லிருந்து 0.9. நுரை குறைந்திருக்கிறது, இப்போதும் தினமும் குனிந்து பார்க்கத்தான் செய்கிறேன். முதுகுவலிக்கு மாத்திரைக்குப் பதில் ஆபீசில் நாற்காலி மாற்றிக் கேட்டேன், முதலாளி அவர் நாற்காலியையே கொடுத்துவிட்டார். கிளினிக் டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன், நெடுநேரம் பார்த்தார். இப்போது சின்ன வயதுக்காரர்கள் பிரஷரோடு வந்தால் சிறுநீர் பார்க்கச் சொல்கிறாராம், அவருடைய கம்பவுண்டர் சொன்னார்.

சேலத்து மாம்பழம்
எல்லாம் சரி. இரண்டு கையிலும் பார்த்தீர்களா?

பின்னலாடைக் கணக்கர்
பார்த்தேன் அண்ணே. வலது 126, இடது 122. அம்மாவுக்கும் பார்த்தேன், அவருக்கு 148/92. நாளைக்கு அவரையும் லேபுக்குக் கூட்டிப் போகிறேன்.